பத்மநாபன் தாமதத்தைச் சரிக்கட்டிய கதை

இந்த வருஷ பிஜோயா சம்மிலனியில் தான் குடியிருக்கும் டாக்குரியாப் பேட்டை மொத்தமும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று பத்மநாபன் சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. ஆகவே சாட்சிக்கு ஒரு வாளி மட்டும்தான்.

துர்கா பூஜை முடிந்ததும் குடியிருப்புக்காரர்கள் எல்லோரும் கூடி ஆடிப் பாடும் விழா அது. பத்மநாபனின் மனைவி விஜயலக்ஷ்மி, இன்னும் ஐந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோலாட்டம் போடுகிறாள். பாட்டு, லேப்டாப்பிலிருந்து. பின்னால் பெரிய திரை. பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அதில் வண்ண அலைகள் துள்ளும். துள்ள வைப்பவர், வங்கி சீனியர் மேனேஜர் பத்மநாபன்.

அலை துள்ளியது. ஆனால் மின்னலும் இடியும் மாதிரி, முதலில் திரையில் வெளிச்சம், பிறகுதான் ஸ்பீக்கரில் மிருதங்கம்.

"விஜி, லேக் இருக்கு!" என்று அலறினார்.

"டாக்குரியால லேக் இல்லாமயா? தினம் அதைச் சுத்தித்தானே நடக்கறேன்."

"ஏரி இல்லடி. தாமதம்! படம் முன்னாடி வரது, சத்தம் பின்னாடி வரது. ப்ளூடூத் ஸ்பீக்கரோன்னோ!"

"ஒயரைச் சொருகுங்கோளேன்."

ஒயரைச் சொருகினால் வேலை முடிந்துவிடும். வேலை முடிந்துவிட்டால் பத்மநாபனுக்கு என்ன மரியாதை? "உனக்கு டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு ஆராய்ச்சியில் இறங்கினார்.

ஒரு 'டக்', கூடவே திரையில் ஒரு பளிச். இரண்டையும் போனில் மெதுவோட்டப் படமாக எடுத்து, நடுவே எவ்வளவு இடைவெளி என்று எண்ணினார். சரிபார்க்கக் கையையும் தட்டினார். நாலு சாயங்காலம் 'டக்', 'டக்', பட், பட். கீழ்வீட்டு கோஷ்தா (பெங்காலியில் 'தா' என்றால் அண்ணா), மேலே கொசு அதிகம்போல என்று பயந்து புகார் கொடுத்தார். டெங்கு தடுப்பு ஆட்கள் இரண்டு பேர் வந்து விஜயலக்ஷ்மியின் துளசித் தொட்டியை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் பத்மநாபன் அடுக்களைக்குள் பாய்ந்தார்.

"இருநூத்தி இருபது மில்லிசெகண்ட்! படத்தையும் அதே அளவு தள்ளிப் போட்டேன். ரெண்டும் ஒண்ணா வரது! தாமதம் இருக்கறது தப்பே இல்ல, விஜி. ஒரே அளவா இருக்கணும். அளந்துட்டா போறும், அதுக்கேத்தாப்ல இன்னொண்ணை நகத்திடலாம்."

"திருத்தவே முடியாத தாமதமா இருந்தாலுமா?"

"எதுக்குத் திருத்தணும்? சரிக்கட்டிண்டா போறும்."

"நல்ல யோசனை" என்று விஜயலக்ஷ்மி அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவருடைய யோசனை ஒன்றை அவள் நல்லது என்றது இதுவே முதல் தடவை. பத்மநாபன் அன்று இரண்டு அப்பளம் கூடுதலாகச் சாப்பிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மில்லிசெகண்டில் புலியான பத்மநாபன், மணிக்கணக்கில் பூனை. ஆறு மணிக்கு ஒரு இடத்தில் இருக்க வேண்டுமென்றால், ஆறு மணிக்குத்தான் சட்டையில் பொத்தான் இருக்கிறதா என்று பார்ப்பார்.

விழா நாள். "அஞ்சரைக்கு ஆரம்பம். வந்து சேருங்கோ" என்று சொல்லிவிட்டு விஜயலக்ஷ்மி கோலாட்டக் கோல்களோடு முன்னால் போய்விட்டாள். பத்மநாபன் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடி வந்தபோது மணி ஆறு இருபது. மூச்சிரைக்க, பெங்காலியில் ஒன்றும் இங்கிலீஷில் ஒன்றுமாக இரண்டு மன்னிப்புக் கேட்டார். இருநூறு காலி நாற்காலிகள் அவரை மன்னித்தன.

ஸ்டூல்மேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்த கோஷ்தா, இறங்கியே வந்துவிட்டார். "பத்மநாபன்தா! ஏழு மணி விழாவுக்கு இப்போதேயா? உடம்பு ஏதாவது சரியில்லையா?"

பத்மநாபன் மனைவியைப் பார்த்தார்.

"நானும் அளந்தேன். அம்பது நிமிஷம். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரே அளவு. ஆறு இருபதுக்கு நீங்க வரணும், அஞ்சரைன்னு சொன்னேன்."

கோபித்துக்கொள்ள நேரமில்லை. மண்டபத்து ஸ்பீக்கர் வேறு. அதன் தாமதம் முந்நூற்றுப் பத்து. மறுபடி டக், பளிச், கணக்கு. ஏழடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லாம் சரியானது. விழாவில் கோல் தட்டுகிற சத்தம், மிருதங்கம், திரையில் அலை, மூன்றும் ஒரே கணத்தில் வந்தன. கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. கோஷ்தா அவரைக் கட்டிப்பிடித்து, "ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். கலைச் செயலாளர் பதவி காலி. வந்துவிடுங்கள்" என்று காதில் சொன்னார்.

பதவி! பத்மநாபனுக்கு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று நாளில் இன்னொன்றும் தீர்மானித்தார். இனிமேல் இவள் எந்த நேரம் சொன்னாலும் ஐம்பது நிமிஷம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருமுறை ஏமாறலாம். இருமுறை ஏமாற அவர் என்ன சாமானிய மேனேஜரா?

"மீட்டிங் பத்து மணிக்கு" என்றாள் விஜயலக்ஷ்மி, ஞாயிறு காலை செருப்பை மாட்டிக்கொண்டே.

"ஆஹா, பத்து மணி!" என்று சிரித்தார் பத்மநாபன். அவள் போனதும் இரண்டாவது காப்பி குடித்தார். பேப்பரில் வரன் விளம்பரம்வரை படித்தார். கண்ணாடி முன் ஏற்புரையை ஒத்திகை பார்த்தார். பத்து ஐம்பதுக்குப் போய் நிற்பதாகத் திட்டம். ஆகவே பதினொன்று நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஒருவர் மண்டபத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கோஷ்தா கடைசி சிங்காடா சமோசாவை வாயில் போட்டுக்கொண்டே, "பத்துக்கு ஆரம்பித்து பத்தரைக்கே முடிந்துவிட்டது! பௌதிதான் கலைச் செயலாளர். எதிர்ப்பே இல்லை!" என்றார். அவருக்கு பௌதி என்றால் பத்மநாபன்தாவின் மனைவி.

"விஜி! பத்துன்னா நிஜமாவே பத்தா?" என்று கோஷ்தா பக்கத்தில் நின்ற மனைவியிடம் திரும்பினார்.

"நிஜ நேரத்தைத்தானே சொன்னேன்? நீங்க அம்பது நிமிஷம் கூட்டிப்பேள்னு எனக்குத் தெரியாதா?"

பத்மநாபன் ஏற்புரையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எனக்குன்னு ஒரு பொறுப்பும் இல்லையா?"

"இல்லாம என்ன? நாற்காலி போடற பொறுப்பு. எல்லாருக்கும் முன்னாடி வரணும். அடுத்த வருஷ விழாவுக்கு இப்பவே கிளம்பிடுங்கோ."