மூன்று தரம் போட்ட நிலம்

கனகலிங்கம் விழவில்லை. விழப் போனார். இடது கால் தண்ணீர் போகும் துளைப் பக்கமும் வலது கால் கதவுப் பக்கமும் போக, நடுவில் மிஞ்சிய உடம்பைக் குளியலறைச் சவர்க் குழாய்தான் காப்பாற்றியது.

"விமலா! இஞ்சை ஓடி வா! ஏமாத்திப் போட்டாங்கள்!"

குசினியில் அடுப்பை விட்டு ஓடி வந்த விமலேஸ்வரி கதவுக்கு வெளியே நின்றார். "என்னப்பா, தண்ணி வரேல்லையோ?"

"தண்ணி வருது. நிலம் வழுக்குது. கடைக்காரன் டைல் பெட்டியை மாத்தித் தந்திருக்கிறான்."

"நான் காலமை குளிச்சனான். எனக்கு வழுக்கேல்லையே."

கனகலிங்கம் துவாயை இறுக்கிக்கொண்டு மனைவியை ஒரு மாதிரிப் பார்த்தார். முப்பது வருடம் வாய்க்கால் வேலைகளை மேற்பார்வை பார்த்தவர் அவர். கொந்தராத்துக்காரன் குழைத்த சீமெந்தை விரலால் தொட்டாலே மணல் எவ்வளவு கூடிப்போச்சுது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு கொந்தராத்துக்காரர் இல்லை. சந்தேகம் மட்டும் அவரோடு கண்டாவளை வீட்டுக்கு வந்து குடியேறிவிட்டது.

அந்தக் குளியலறை புதிது. அதுவரை எல்லாரும் கிணற்றடியில்தான் குளித்தார்கள். மகள் தர்மிளாவுக்கு இப்போது ஏழு மாதம். தலைப்பிள்ளைப் பேறு தாய் வீட்டில்தான். அந்த வயிற்றோடு பிள்ளை துலாவில் தண்ணீர் அள்ளக் கூடாது என்றுதான், அறையோடு சேர்த்து, சவரும் மலசலகூடக் கொமட்டும் வைத்து அதைக் கட்டினார். திலீபனைக் கல்யாணம் செய்து பூவரசங்குளத்தில் இருக்கும் தர்மிளா வருவதற்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அன்றைக்கே மகளுக்குப் போன் எடுத்ததுதான் அவர் விட்ட பிழை.

"பிள்ளை, டைல் போட்டவங்கள் ஏமாத்திப் போட்டாங்கள். ஐஸ்கட்டியில நிக்கிற மாதிரிக் கிடக்கு. அரும்பொட்டில தப்பினனான்."

மறுபக்கம் கேட்டது தர்மிளாவின் குரல் அல்ல, அவளுடைய மாமியார் நேசமலரின் குரல்.

"அண்ணை, போன் ஸ்பீக்கரில கிடக்கு. வழுக்கிற இடத்துக்கு வாயும் வயிறுமா இருக்கிற பிள்ளையை என்னெண்டு விடுறது? அவ இஞ்சையே நிக்கட்டும்."

"ஐயோ, நான் திருத்திப் போடுறன்!"

"திருத்துங்கோ. நானே வந்து பாத்திட்டுச் சொல்லுறன்."

விமலேஸ்வரி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். "என்ர பிள்ளைக்கு ஒரு வாளி சுடுதண்ணி வைச்சுக் குடுக்கிற குடுப்பினை எனக்கு இல்லாமல் போகுது. எல்லாம் உங்கட வாயால."

அடுத்த நாள் மேசன் ரூபன் வந்தான். காலைக் கழுவி உள்ளே போய், நிலம் முழுக்கத் தண்ணீரை ஊற்றி, இரண்டு தரம் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"ஐயா, எனக்கு வழுக்கேல்லையே."

"போட்டவன் நீ. உனக்கு என்னெண்டு வழுக்கும்?"

கனகலிங்கம் தன் செருப்பைப் போட்டுக்கொண்டார். கொமட்டும் உள்ளேயே இருந்ததால், வெறுங்காலோடு அந்த அறைக்குள் போவது அவருக்கு அருவருப்பு. வாசலில் அவருக்கென்று ஒரு சோடி நீல றப்பர் செருப்பு நிற்கும். வாய்க்கால் கட்டு, வயல், சந்தை என்று ஊரெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு, அவரைப் போலவே ஓய்வு பெற்று வீட்டுக்குள் வந்த செருப்பு.

இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியை அவர் வைக்கவில்லை, அது தானாகவே போனது. ரூபன் பாய்ந்து பிடித்தான்.

"பாத்தியோ! தம்பி, தண்ணி எண்டால் என்னெண்டு நினைக்கிறாய்? காலுக்கும் நிலத்துக்கும் நடுவில மெல்லிசா ஒரு தோல் மாதிரி நிக்கும். காலை நிலத்தில முட்ட விடாது. அந்தத் தண்ணிக்குத் தப்பியோட வழி வேணும். உழவு மெசின்ர டயர் ஏன் வெட்டு வெட்டாக் கிடக்கு? சேறும் தண்ணியும் அந்த வெட்டுக்குள்ளால போகத்தான். வெட்டுத் தேஞ்சு மொட்டையாப் போனால் மெசின் நிக்காது. நீ போட்ட டைல் மொட்டை டயர்."

விளக்கம் சரியானது. ரூபன் பளபளப்பான டைலின் மேலேயே சொரசொரப்பான சாம்பல் நிற டைலைப் பதித்தான். கனகலிங்கம் கதிரையைப் போட்டு வாசலிலேயே இருந்தார். ரூபன் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் பசைச் சீமெந்தில் ஒரு உருண்டை எடுத்துக் கடதாசியில் மடித்து வைத்தார். சாட்சிக்கு.

சரிவையும் அவரே தீர்மானித்தார். ஆறடி நீளத்துக்கு ஒன்றரை அங்குல இறக்கம் போதும் என்றான் ரூபன்.

"போதும் எண்டு சொல்லுறவனைத்தான் நான் முப்பது வருஷமாப் பிடிச்சனான். மூண்டு இஞ்சி வை. தண்ணி ஓட வேணும்."

தண்ணீர் ஓடியது. அவரும் ஓடினார். தண்ணீரை முந்திக்கொண்டு துளைக்குப் போய்ச் சேர்ந்தார்.

"விமலா, நீ பாத்திரம் கழுவுற தண்ணியை இதுக்குள்ள ஊத்திறனியோ?"

"ஏன், எனக்குக் குசினியில இடமில்லையோ?"

"அப்ப எண்ணெய் வைச்சு முழுகினனீ!"

"முழுகினது போன வெள்ளிக்கிழமை. அண்டைக்கே நாலு தரம் உரஞ்சிக் கழுவினனான். எனக்கு வழுக்கேல்லையப்பா. எத்தினை தரம் சொல்லுறது!"

எனக்கு வழுக்கவில்லை என்று இதோடு இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். இருவரும் ஒரே சொல்லைச் சொல்வதுதான் கனகலிங்கத்துக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

கிளிநொச்சிக்குப் போய் ஒரு றப்பர் விரிப்பு வாங்கி வந்தார். அதன் அடியில் குட்டிக் குட்டிக் கிண்ணங்கள். அமத்தினால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போய், கிண்ணம் நிலத்தை உறிஞ்சிப் பிடிக்கும். நல்ல யோசனைதான், நிலம் வழவழப்பாக இருந்தால். சொரசொரப்பான டைலில் கிண்ணத்தின் விளிம்பு சரியாகப் படியாது; பக்கத்தால் காற்று உள்ளே போய்விடும். இதையெல்லாம் விரிப்பின் மேல் நின்று சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கனகலிங்கம் விளங்கிக்கொண்டார்.

அடுத்ததாக, இரவில் யாராவது வந்து நிலத்தில் எதையாவது பூசுகிறார்களோ என்று அறிய, அரிசி மாவைத் தூவிவிட்டுப் படுத்தார். விடிய எழும்பிப் பார்த்தால் ஒரு பல்லியின் காலடி மட்டும் இருந்தது. மாவைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அது கூழாகி, அன்று முழுக்க அந்த அறைக்குள் பல்லிகூடப் போகவில்லை.

"சின்ன டைல் போடு," என்றார் ரூபனிடம். "ரெண்டு இஞ்சித் துண்டு. துண்டு சின்னனெண்டால் இடைவெளி கூட. இடைவெளி கூடினால்?"

"டயரில வெட்டுக் கூடும்," என்றான் ரூபன் அலுப்போடு.

"கெட்டிக்காரன். சரிவையும் குறை."

மூன்றாவது நிலம் ஏறியது. சரிவைச் சமப்படுத்திப் போட்டதில் அது நிலைப்படிக்கு மேலே போய்விட்டது. கதவின் அடியை ஒரு சாண் அரிந்தார்கள். முதல் குளிப்பிலேயே தண்ணீர் படுக்கையறைக்குள் போய் அலுமாரிக்கு அடியில் தேங்கியது. ரூபன் வாசலில் சீமெந்தால் ஒரு வரம்பு கட்டினான்.

"இனி ஒரு மதகு மட்டும்தான் குறை," என்றார் விமலேஸ்வரி. "நெல் விதைக்கலாம்."

கனகலிங்கம் செருப்பைப் போட்டு, வரம்பைக் கடந்து, மெதுவாக உள்ளே காலை வைத்தார்.

வழுக்கியது.

முந்தியைப் போல் இல்லை, கொஞ்சம்தான். ஆனால் வழுக்கியது. அவர் கட்டிலில் போய் இருந்துவிட்டார். பிள்ளை வராது. பேரப்பிள்ளையின் முதல் அழுகை பூவரசங்குளத்தில்தான் கேட்கும். வாளியில் சுடுதண்ணீரோடு விமலா யாருக்காகக் காத்திருப்பாள்? இதை நினைத்தபோது, சாட்சிக்கு வைத்திருந்த சீமெந்து உருண்டைகூட அவருக்கு ஆறுதல் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நேசமலர் வந்து இறங்கினார். செருப்பை வாசலில் கழற்றினார். தேநீரைப் பிறகு குடிக்கிறேன் என்றார். கைப்பையிலிருந்து ஒரு சவுக்காரக் கட்டியை எடுத்தார்.

"உங்கட சவுக்காரத்தை நான் நம்பமாட்டன், குறை நினையாதேங்கோ."

கனகலிங்கத்துக்கு முதல் தடவையாகச் சம்பந்தியம்மா மேல் மரியாதை வந்தது.

நேசமலர் சீலையைத் தூக்கிச் செருகி, வரம்பைக் கடந்து உள்ளே போனார். சவரைத் திறந்தார். சவுக்காரத்தை உரஞ்சி நிலமெல்லாம் நுரை ஆக்கினார். அதன் மேல் நடந்தார். திரும்பினார். குந்தி எழும்பினார். ஒற்றைக் காலில் நின்றும் பார்த்தார்.

"நல்லாக் கிடக்கு. வரம்பை மட்டும் உடையுங்கோ. தடக்கும். வாற வெள்ளிக்கிழமை திலீபன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவான்."

விமலேஸ்வரி கண்ணைத் துடைத்தார். அந்த இடத்தில் கனகலிங்கம் வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு சோதனை இவ்வளவு சுகமாகப் பாசானால் அவருக்கு நித்திரை வராது.

"இல்லை, இது வழுக்கும்," என்றார்.

"இஞ்சேருங்கோ!" என்றார் விமலேஸ்வரி.

"எனக்கு ஒவ்வொரு நாளும் வழுக்குது. நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு? உழவு மெசின்ர டயரை எடுத்துப் பாருங்கோ..." மொட்டை டயரின் கதை முழுவதையும் நேசமலர் நுரைக்குள் நின்றபடி கேட்டார். முடிவில் அவருடைய முகம் மாறியிருந்தது.

"அண்ணை, உங்களுக்கு வழுக்குதெண்டால் நான் பிள்ளையை விடேலாது."

"நான் காட்டுறன். கண்ணால பாருங்கோ."

கனகலிங்கம் நீலச் செருப்பைக் கொழுவினார். வரம்பைக் கடந்தார். நுரையில் கால் பட்டதும் இரண்டு காலும் ஒன்றாகக் கிளம்பின. இந்த முறை குழாய் எட்டவில்லை. நுரைக்குள் மெத்தென்று இருந்துவிட்டார். ஒரு செருப்பு பறந்து போய் நேசமலரின் காலடியில் விழுந்தது.

"பாத்தியளோ!" என்றார் கீழே இருந்தபடி, வென்றவரின் குரலில்.

நேசமலர் குனிந்து செருப்பை எடுத்தார். பிரட்டினார். பெருவிரலால் அதன் அடியைக் குதியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தார். பிறகு விமலேஸ்வரியிடம், "அக்கா, பிள்ளை வெள்ளிக்கிழமை வருவா," என்றார்.

கனகலிங்கத்தின் பக்கம் திரும்பினார்.

"நிலத்துக்கு மூண்டு தரம் டயர் போட்டியள், அண்ணை. மொட்டை டயர் உங்கட காலில எல்லோ கிடந்தது."