சுத்தியார் கடையில் வாங்கிய லென்ஸ்

வியாபாரம் ஆகிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டுக் கடை நடத்துகிற மனிதர் செங்கல்பட்டில் ஒருவர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை. மேசைமேல் எப்போதும் ஒரு சுத்தியல். அதனால் அவர் பெயர் சுத்தியார். மரியாதைக்காக 'ஆர்' போடவில்லை, பயத்தில் போட்டது.

கல்யாணப் போட்டோவுக்கென்று ஒரு மாப்பிள்ளை பெரிய ஃபிரேம் கேட்டான்.

"உன் பவருக்கு இம்மாம் பெர்சு போட்டா, ஓரத்துல லென்ஸு செங்கல்லாட்டம் நிக்கும். சின்னதா போடு. இல்லாட்டி கண்ணாலத்த நிறுத்து!"

மாப்பிள்ளையின் அம்மா அவனை எதிர்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குப் பவர் மைனஸ் ஒன்பது, கண்ணாடி சோடாபுட்டிதான். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் வேலை. என் கண்ணாடியைப் பிடுங்கிப் போட்டு நடித்துக் காட்டாதவன் அங்கே கிடையாது. இருப்பதிலேயே மெல்லிய லென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று போனேன். வாயைத் திறக்கவே கால் மணி நேரம் ஆனது.

"மெல்லிசா கீதா, அண்ணாத்த?"

"ஹை இண்டெக்ஸு கீது. இன்னா வேலை பண்றே?"

"கல்லு... செதுக்கறேன்."

சுத்தியலை எடுத்தார். மெல்லிய லென்ஸ் ஒன்றை மேசையில் வைத்து ஒரே போடு. சில்லு சில்லாகத் தெறித்தது. இன்னொன்றை வைத்து மூன்று போடு போட்டார். பள்ளம் விழுந்தது, உடையவில்லை.

"இது பாலிகார்பனேட்டு. அதவிட தடிமன்தான், சீக்கிரம் கீறல் வுழும். ஆனா கல்லு தெறிச்சா கண்ணு தப்பும். உனக்கு கண்ணு வோணுமா, அழகு வோணுமா?"

"மெல்லிசுதான்..."

"போடா! உனக்கு இதான்."

சண்டை போட வாய் இல்லாததால் வாங்கினேன். இரண்டு மாதம் மனதுக்குள் அந்த ஆளைத் திட்டாத நாள் இல்லை. அந்த லென்ஸ் வழியே எந்தச் சிலையை ஓரக்கண்ணால் பார்த்தாலும் விளிம்பில் நீலமும் மஞ்சளுமாய் ஒரு கோடு. "இன்னா நைனா, புட்டி பாதிதான் கரைஞ்சிகீது?" என்று பட்டறையில் கேலி வேறு.

ஒரு நாள் நந்தியின் கொம்பைச் செதுக்கும்போது சில்லு ஒன்று பறந்து வந்து வலது கண்ணாடியில் அடித்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"கண்ணத் தொற மச்சான்! தொறயேன்டா!" என்று கத்தினான் பக்கத்து ஆள்.

திறந்தேன். அவன் மீசை தெரிந்தது. லென்ஸில் துவரம்பருப்பு அளவு பள்ளம், அவ்வளவுதான்.

மறுநாள் நன்றி சொல்லப் போனேன். சுத்தியார் அந்தப் பள்ளத்தை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

"இத்தினி கீறல் ஏது? கல்லுத்தூள லுங்கியில தொடச்சியா? தண்ணில அலசிட்டுத் தொடைக்கணும்னு தெரியாது? கண்ணாடியா இது, தோசக்கல்லா?"

திட்டிக்கொண்டே புது லென்ஸ் மாட்டிவிட்டார். நன்றி சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

இப்போதும் மாதம் ஒரு முறை செங்கல்பட்டுக்குப் போகிறேன். கண்ணாடியில் ஒரு குறையும் இருக்காது. பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியதும், அதன் ஸ்க்ரூவை நகத்தால் நானே கொஞ்சம் தளர்த்திக்கொள்வேன்.