ஒட்டுப்பால் ஆமை

நான் புத்திசாலி என்று எனக்கே தோன்றுகிற நாளில் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. இதை நான் தெரிந்துகொண்டது லூமுட் கடற்கரையில், ஓர் ஆமைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

அப்போது ஜெலாப்பாங்கில் ஒரு விளம்பரப் பலகைப் பட்டறையில் வேலை செய்தேன். லூமுட் கார்னிவல் ஊர்வலத்துக்கு அலங்கார லாரி ஒன்று செய்து தரும் வேலை வந்தது. லாரி மேல் பெரிய கடலாமை. முழுப் பொறுப்பும் என்னுடையது. அந்தப் பெருமையில் சும்மா இருக்க மாட்டாமல், "ஒங்கம்மாவையும் கூட்டிட்டு வா, பாக்கட்டும்" என்று சுகந்தனிடம் சொல்லிவிட்டேன். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள நினைத்திருந்தோம். அவன் அம்மா தைப்பிங்கில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். ரப்பர் தோட்டத்துப் பெண் என்றதும் 'பார்ப்பம்' என்றாராம். (அந்தப் 'பார்ப்பம்' என் தூக்கத்தையே கெடுத்துவிட்டது.)

ஆமையின் உடம்பு கம்பியும் போலிஃபோமும். ஓட்டின் மேல் மேடு மேடாக வர வேண்டும், மழையிலும் கெடக் கூடாது. அங்கேதான் என் மூளை வேலை செய்தது. கோப்பெங் பக்கம் சித்தப்பா இன்னும் ரப்பர் மரம் சீவுகிறார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் உறைந்து ஒட்டுப்பால் ஆகும்போது, கவிழ்த்த கிண்ணம் மாதிரியே கட்டியாக வரும். அச்சு அசல் ஆமை மேடு! மூட்டை மூட்டையாக வாங்கி வந்து, வரிசையாக ஒட்டி, பச்சை பெயிண்ட் அடித்தேன்.

ஒட்டுப்பால் நாறும். உலகத்துக்கே தெரியும். எனக்கும் லாரி ஓட்டுகிற மணியம் அண்ணனுக்கும் மட்டும் தெரியாது, இருவரும் அந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் திறந்து பார்க்கச் சொன்னார். நாங்களும் ரொம்ப அக்கறையாகத் திறந்து பார்த்தோம்.

லூமுட்டில் வெயில் ஏறியது. ஆமைக்குப் பின்னால் வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் மெல்லப் பின்தங்கினார்கள். (ஊதுகிறவன் பாவம், மூச்சை இழுத்துத்தானே ஆக வேண்டும்!) கழன்ற கட்டிகளைத் திரும்ப ஒட்டிக்கொண்டே நான் லாரியோடு நடந்தேன்.

"அண்ணே, ஏன் எல்லாரும் மூக்க மூடுறாங்க?"

"கடல் காத்துலா, தங்கச்சி. மீன் வாடை. டவுன்காரங்களுக்குப் பழக்கமில்ல."

சரியாக மேடைக்கு எதிரில் ஊர்வலம் நின்றது. முன்வரிசை நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சுகந்தன் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி வந்தான்.

"ஆமைக்குள்ள என்ன செத்துக் கிடக்கு?"

"ஒட்டுப்பால்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவன் அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் அழுத்திக்கொண்டு என்னையே பார்த்தார். தோட்டம் வேண்டாம் என்று யோசித்தவருக்கு, தோட்டத்தையே லாரியில் ஏற்றி மூக்குக்கு எதிரில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். வெட்கத்தில் அழுதுவிட்டேன்.

மறுவாரம் தைப்பிங் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் அவ்வளவுதான் என்று முடிவே கட்டியிருந்தேன்.

"ஆமை வடிவாத்தான் இருந்தது, பிள்ளை" என்றார். "உண்மையாவே உமக்கு அந்த மணம் தெரியேல்லையோ?"

"சத்தியமா தெரியல, ஆண்டி."

கொஞ்சம் யோசித்தார். மகனுடைய அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அவன்ர சொக்ஸ் மணத்துக்கு நானே அந்த அறைக்குள்ள போறேல்லை. உமக்கு ஒண்டும் தெரியாதெண்டா, எனக்குச் சம்மதம்."

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி இந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் அந்தக் காலுறை எனக்கு முதல் நாளிலிருந்தே நன்றாக நாறுகிறது. சொன்னால் சம்மதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வாரோ என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.