சந்திரலோகத்தில் மறுப்புக்குச் சொல் இல்லை

துபாஷி ஒருவர் தம் குடும்பத்தார் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் மொழிபெயர்க்கக் கூடாது. தாமாக விலகிக்கொள்ள வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் இது கோர்ட்டு வாசலில் வேர்க்கடலை விற்றவருக்குக்கூடத் தெரியும். பென்ஷன் வாங்கும்வரை நான் விதிகளோடுதான் குடித்தனம் நடத்தினேன். என்னைக் கைவிட்டது இந்த ஒரு விதிதான். அதையும் குற்றம் சொல்ல முடியாது. நாடக மேடைக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

1930களின் பின்பாதியில் நான் சர்க்கார் ஆபீசில் கடைசி மேஜைக் குமாஸ்தா. மேதை என்று எனக்கே ஓர் எண்ணம். (வேறு யாருக்கும் இல்லை.) எங்கள் மாதா கோயில் வாலிபர் சங்கத்துக்காகச் சந்திரலோகத்தைப் பற்றி ஒரு நாடகம் எழுதினேன். சந்திரலோக ராஜா தமிழ் பேசினால் யார் நம்புவார்கள்? பிரெஞ்சு பேசினால் கவர்னர் என்று நினைத்து எழுந்து நின்றுவிடுவார்கள். ஆகவே புதிதாக ஒரு மொழியே செய்தேன். தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது. எனவே சந்திரலோகத்தில் எல்லாச் சொல்லும் ழகரத்தில்தான் தொடங்கும் என்று தீர்மானித்தேன். வாழைப்பழத்தையே ‘வாயப்பயம்’ ஆக்கிவிடுகிற ஊரில் இப்படி ஒரு காரியம்! ராணி வேஷம் போட்ட குப்புசாமிக்கு முதல் ஒத்திகையிலேயே நாக்கு சுளுக்கிக்கொண்டது.

நாடகத்துக்கு அனுமதி கேட்டோம். அதிகாரி ஒரு நிபந்தனை எழுதினார்: மேடையில் பேசப்படும் அயல்மொழி வாக்கியம் ஒவ்வொன்றையும் சத்தியப் பிரமாணம் செய்த துபாஷி ஒருவர் அங்கேயே நின்று சபைக்கு மொழிபெயர்க்க வேண்டும். சந்திரன் பிரெஞ்சு ஆளுகையில் இல்லாததால் அதன் மொழி அயல்மொழிதான். தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

எங்கள் பங்கில் இருந்த ஒரே கோர்ட்டு துபாஷி முசே சவரிநாதன். ஆட்டுக்கடா கொம்பு போல மீசை. அவருக்குத் தெரேஸ் என்று ஒரு மகள்.

“இந்த பாஷைக்கு அகராதி இருக்குதா தம்பி?” என்றார்.

“நான்தான் முசே அகராதி.”

“பைபிள் மேல கைய வச்சு சத்தியம் பண்ணவன் நான். தெரியாத பாஷைய மொழிபெயர்க்க மாட்டேன். கத்துக் குடு.”

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக் கூடத்தில் வகுப்பு. அவருக்கு எழுதிக்கொடுக்கத் தெரேஸ் பக்கத்தில் உட்காருவாள். மூன்றாம் வகுப்புக்குள் அவள் என்னைவிட நன்றாகப் பேசினாள். நான் செய்த சொல் எனக்கு மறந்தால் அவளைத்தான் கேட்பேன்.

“போன வாரம் கடலுக்கு வேற வார்த்தை சொன்னீங்களே?” என்பாள்.

“அது... அலை அடிக்கும்போது சொல்றது.”

“நிலாவுல தண்ணி இருக்குதா இன்னா?”

துபாஷி இருமுவார். நான் ஜன்னலைப் பார்ப்பேன்.

ஒருநாள் பட்டியல் முழுவதையும் புரட்டிவிட்டுக் கேட்டாள்: “மாட்டேன், முடியாதுன்னு சொல்றதுக்கு ஒரு வார்த்தையும் காணமே?”

“சந்திரலோகத்துல யாரும் எதையும் மறுக்க மாட்டாங்க.”

“ஐயோ, பாவம் அந்த ஊர் பொம்பளைங்க.”

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நாடகத்துக்குச் சில நாள் முன்பு இடி விழுந்தது. துபாஷிக்குச் சைகோனுக்கு மாற்றல். நாடகம் முடிந்ததும் அடுத்த கப்பலில் குடும்பத்தோடு புறப்படுகிறார். தெரேசிடம் சொல்ல வேண்டியதைத் தமிழில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பிரெஞ்சில் சொன்னால் விண்ணப்பம் போல இருக்கும். மிச்சம் இருந்தது மூன்றாவது மொழி.

திட்டம் இது. ராஜா வேஷம் போட்ட நான், ராணியிடம் பேசும் கட்டத்தில் சபையில் பெண்கள் பக்கம் திரும்பி, எழுத்தில் இல்லாத நாலு வாக்கியம் பேசுவேன். தாக்கல் செய்த பிரதியில் இல்லாததை, புரிந்தாலும், மொழிபெயர்க்கத் துபாஷிக்குக் கடமை இல்லை. இது என் கணக்கு. ஆனால் கோர்ட்டில் எந்தச் சாட்சி பிரதியைப் பார்த்துப் பேசுகிறான்? காதில் விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல், பேசுபவன் ‘நான்’ என்றால் தாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். இது அவர் இருபது வருஷப் பழக்கம்.

தகரக் கிரீடத்தோடு திரும்பி நின்று முதல் வாக்கியத்தைச் சொன்னேன். மேடையோரத்திலிருந்து கோர்ட்டுக் குரல் முழங்கியது:

“மூன்றாவது பெஞ்சில் நீலப் புடவை கட்டியிருக்கும் பெண்ணே!”

சபை மொத்தமும் பெஞ்சை எண்ணத் தொடங்கியது. நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. அவரும் நிற்கவில்லை.

“நான் உங்கள் வீட்டுக்கு வந்தது பாஷை சொல்லித்தர அல்ல, உன்னைப் பார்க்க. உன் அப்பாவின் மீசையைக் கண்டால் எனக்கு வந்த வழியே ஓடத் தோன்றுகிறது. ஆனாலும் நான் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன்!”

துபாஷியின் மனைவி எழுந்துவிட்டார். “ஏங்க! பெத்த பொண்ணுகிட்ட இன்னா பேச்சு இது?”

“நான் எங்கடி பேசறேன்? அவன் பேசறான். நான் மொழிபெயர்ப்பு!”

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. மீசை துடித்தது. ஆனால் பழக்கம் பெரியது. மகள் பக்கம் கை நீட்டி, “எதிர்த்தரப்பு பதில் சொல்லலாம்” என்றார்.

குப்புசாமி ராணி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். தெரேஸ் எழுந்தாள். சந்திரலோக மொழியில், ஒரு ழகரமும் வழுக்காமல், பேசினாள். அப்பா மொழிபெயர்த்தார், இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது.

“இந்த பாஷையில் முடியாது என்று சொல்ல வார்த்தை இல்லை. அதனால் சரி என்று சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை. முதலில் அந்த வார்த்தையைச் செய்து அனுப்புங்கள். பிறகு பதில் சொல்கிறேன்.”

திரை விழுந்தது. (இழுத்தது பங்குச் சாமியார்.)

அவர்கள் சைகோன் கப்பல் ஏறினார்கள். ஒரு சொல் செய்ய எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அன்று மாலையே செய்துவிட்டேன்: ‘ழொம்’. அனுப்பத்தான் கை வரவில்லை. என்னை மறுக்க நானே ஆயுதம் செய்து, தபால் தலை ஒட்டி அனுப்புவதா? ஆபீஸ் விட்டதும் கடற்பாலத்தின் நுனிவரை நடப்பேன். சைகோன் கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கும். அவள் பேசிய வாக்கியத்தை அலைக்குச் சொல்லிப் பார்ப்பேன். அந்த மொழியைப் புதுச்சேரியில் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. குப்புசாமி ஒருநாள் பின்னாலேயே வந்து, “இன்னாடா, நிலாவுக்குப் போவ படகு பாக்குறியா?” என்றான். அடித்திருப்பேன், அழுகை முந்திக்கொண்டது.

சைகோனில் யாரோ ஓர் உத்தியோகஸ்தர் அவளைப் பெண் கேட்கிறாராம் என்று கோயில் வாசலில் காதில் விழுந்தது. அப்போதுதான் புரிந்தது. அந்தச் சொல் கைக்குப் போகாதவரை அவளால் என்னை மறுக்க முடியாது, ஏற்கவும் முடியாது. அன்றே ஒரு வெள்ளைத் தாளில் அந்த ஒரு சொல்லையும் அதன் பொருளையும் எழுதி அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு கப்பலுக்கும் தபால் ஆபீஸ் வாசலில் நின்றேன்.

மாமனார் தம் மகளையே பெண் கேட்ட கதையை எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் பந்தி தவறாமல் சொல்கிறார்கள். தெரேஸ் அந்தச் சொல்லை வாழ்நாளெல்லாம் தாராளமாகச் செலவு செய்தாள். இன்னொரு காபி கேட்டால், “ழொம்.” பாட்டுப் பாடட்டுமா என்றால், பாடத் தொடங்கும் முன்பே, “ழொம்.” பேரப்பிள்ளைகள் கத்தரிக்காயைத் தள்ளிவிட்டு அதையே சொல்கிறார்கள். அவள் போன பிறகு அந்த மொழியில் உயிரோடிருப்பது அந்த ஒரு சொல்தான். அந்தச் சொல் காதில் விழாதா என்று சில நேரம் வேண்டுமென்றே இரண்டாவது காபி கேட்டுப் பார்க்கிறேன். மருமகள் பேசாமல் கொண்டுவந்து வைத்துவிடுகிறாள்.

அன்று சைகோனிலிருந்து வந்த அவள் பதில் சந்திரலோக மொழியில் இருந்தது. கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்க்கிறேன்: “நீங்கள் அனுப்பிய சொல் வந்தது. நன்றாக இருக்கிறது. உங்களுக்குச் சொல்ல அது எனக்குத் தேவைப்படவில்லை.” பிரெஞ்சு தேசியத் திருநாள் அன்று தபால் பட்டுவாடா கிடையாது என்பது விதி. தபால்காரர் விதியை மீறி அதை என் கையில் கொடுத்த நாள், 1938 ஜூலை 14.