தங்க டெக்கும் வெள்ளை பூத்த கசற்றும்

சனிக்கிழமை பின்னேரங்களில் ஓலைத்தொடுவாய்க்கு வந்து பாருங்கள். கடற்கரை ஒழுங்கையில் ஓட்டோவுக்குப் பின்னால் ஓட்டோ. முசலியிலிருந்து ஒன்று, முள்ளிக்குளத்திலிருந்து இரண்டு, மடியில் பார்சலைக் கட்டிப்பிடித்தபடி வவுனியாவிலிருந்துகூட ஆட்கள். மீன் மலிவா? இல்லை. அமைச்சர் வருகிறாரா? அதுவும் இல்லை. பார்சலுக்குள் இருப்பது பழைய கலியாண வீடியோ கசற். சிலர் அதைக் கூறைச்சீலைக்குள் சுற்றிக் கொண்டுவருவார்கள். பச்சைப் பிள்ளையைக்கூட அவ்வளவு பத்திரமாகத் தூக்கியிருக்க மாட்டார்கள்.

எல்லோரும் ரொபின்சன் மாஸ்ரரிடம்தான் வருகிறார்கள்.

மாஸ்ரர் ஒரு பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. வீடு வீடாக டிஷ் அன்ரனா பூட்டித் திரிந்தவர். போன வருடம் திடீரென்று அவருக்கு ஒளி கிடைத்தது. எங்கிருந்து கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டில் ஒன்று போட்டார். நடுவில் தங்கநிறப் பெயின்ற் அடித்த ஒரு டெக். டெக் என்றால் தெரியும்தானே? அந்தக் காலத்தில் படம் பார்க்கக் கசற் போடுகிற பெட்டி. அதைச் சுற்றிச் சின்ன லைற் மாலை. பக்கத்தில் சிலுவை, அதன் பக்கத்தில் தேசிக்காய், அதன் பக்கத்தில் சாம்பிராணி. எந்தச் சமயத்துக்காரரும் மனம் நொந்து திரும்பிப் போய்விடக் கூடாது என்பதில் மாஸ்ரருக்கு அவ்வளவு அக்கறை.

வேலை இப்படி நடக்கும். கசற்றை வாங்கி விளக்குக்கு நேரே பிடிப்பார். மேலே இருக்கிற சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பார். பெருமூச்சு விடுவார்.

“வெள்ளை பூத்திருக்குது.”

பூக்காமல் என்ன செய்யும்? மன்னார்த் தீவில் இரும்புக் கதவே மூன்று மாரி தாங்குவதில்லை. உப்புக்காற்றும் ஈரமும் பட்டு இருபது வருடம் அலுமாரிக்குள் கிடந்த நாடாவில் பூசணம் பிடிக்கும். பாணில் பிடிக்கிற அதே பூசணம். பாணில் பிடித்தால் கோழிக்குப் போடுகிறோம். கசற்றில் பிடித்தால் மட்டும் அது செய்வினையாம்.

“உங்கட கலியாணத்தண்டு ஒரு பொம்பிளை முகத்தால சிரிச்சவ. வயித்துக்குள்ள நெருப்பு. சொந்தக்காரி. சாப்பாட்டில ஏதோ ஒண்டைத் தொடேல்லை. ஆரெண்டு யோசியுங்கோ.”

அப்படி ஒருத்தி இல்லாத கலியாணம் உலகத்தில் நடந்திருக்கிறதா? வந்தவர்கள் யோசிப்பார்கள். யாராவது ஒரு பெயர் வாயில் வரும். “அதுதான்! நான் சொல்லேல்லை, நீங்கள்தான் சொன்னீங்கள்” என்பார் மாஸ்ரர். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் உண்மை பேசினார்.

பிறகு பரிகாரம். வெள்ளை பூத்த கசற்றைப் பென் ட்ரைவில் ஏற்றினால் செய்வினை பென்னுக்குள் போகும், பென்னிலிருந்து போனுக்குப் போகும், போனிலிருந்து வட்சப் வழியாகக் கனடா வரைக்கும் போகும். ஆகவே காணிக்கை வைத்து, இருட்டுகிற நேரம் கடற்கரையில் எரிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஒளிக்கழிப்பு. எரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று பிறகு யாரும் பார்க்க முடியாது. எவ்வளவு வசதி!

வெள்ளை பூக்காத கசற் வைத்திருந்தவர்களுக்குக் கருவியும் விற்றார். டெக்கையும் லப்டொப்பையும் இணைக்கிற விரல்நீளக் குச்சி ஒன்று இருக்கிறது. அதற்குச் சிவப்பு நூல் சுற்றி, மந்திரித்த குச்சி என்று கொடுத்தார். அதில் மூன்று வயர் உண்டு. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மாஸ்ரர் சட்டப்படி மஞ்சள் மங்களத்துக்கு, வெள்ளை சமாதானத்துக்கு, சிவப்பு எதிரிக்கு. செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள் சிவப்பைச் செருகவே கூடாது. அவர்களுடைய வீடியோவில் ஒரு பக்கச் சத்தம் வராது. “பாத்தியளோ, எதிரி வாயைக் கட்டியாச்சு” என்பார்.

இதைக் கேட்டு எனக்குப் பற்றி எரிந்தது. ஏனென்றால் அதே ஊரில் பழைய கசற்றைத் துடைத்துப் பென்னில் ஏற்றிக் கொடுக்கிற வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீட்டு ஹோலில், ஒரு மேசையில், சாம்பிராணி இல்லாமல். டெக் தேடி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் வாங்கியது கசற்றைச் சேமியா மாதிரி மென்று துப்பியது. அடுத்ததில் படம் ஆடியது. மூன்றாவதைத் திறந்து, ஹெட்டைத் துடைத்து, றப்பர் பெல்ற் மாற்றி, எங்கள் ஊர்க் கசற் ஓடுமா என்று போட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். குச்சியிலும் அப்படித்தான். மலிவானதில் படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வருகிற குச்சியைக் கண்டுபிடிப்பதற்குள் அம்மா என்னை வீட்டை விட்டுத் துரத்தப் பார்த்தார். இவ்வளவும் செய்து வைத்திருந்தால், வருகிறவர்கள் வாசலில் நின்று ஒன்றையே கேட்டார்கள்.

“பிள்ளை, உன்ர மெசின் மந்திரிச்சதோ?”

“இல்லை.”

“அப்ப நாங்கள் வாறம்.”

வருவதாகச் சொல்லிப் போனவர்கள் பிறகு வரவேயில்லை.

ஒரு புதன்கிழமை பக்கத்து வீட்டு மேரிசெல்வி அன்ரி வந்தார். கண் வீங்கியிருந்தது.

“டினோஜா, சனிக்கிழமை என்ர கலியாணக் கசற்றை எரிக்கப் போகினமடி.”

“ஏன் அன்ரி குடுத்தனீங்கள்? அதுக்குள்ளதானே அப்பா இருக்கிறார்?”

அவருடைய அப்பா அந்தோனிமுத்து கலியாணம் முடிந்த அடுத்த வருடமே காலமாகிவிட்டார். அவர் நினைவாக வீட்டில் இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு படம் மட்டும். அதில் அவர் யாரோ அடித்துவிட்டதைப் போல முழிப்பார். நடந்து, சிரித்து, வாய்திறந்து பேசுகிற அந்தோனிமுத்து உலகத்திலேயே அந்த ஒரு கசற்றில்தான் இருந்தார். அன்ரியின் பிள்ளைகள் தாத்தாவின் குரலைக் கேட்டதே இல்லை.

“எரிக்காட்டி என்ர மூத்தவன்ர விசா சரிவராதாம். செய்வினை செய்தது ஆரெண்டும் பிடிபட்டிட்டுது.” அன்ரி குரலைத் தாழ்த்தினார். “எங்கட பெற்றிசியா.”

பெற்றிசியா அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி. ஒரே வளவு, நடுவில் ஒரு வேலி. அந்த வேலிக்கு மேலால் உடனே சத்தம் வந்தது.

“கேக் தின்னாதது பல்லுவலியிலயடி! கொடுப்புப்பல்லு! நீதானே கராம்பு தந்தனீ!”

“அவள் கேக் தின்னேல்லையெண்டு மாஸ்ரருக்கு எப்பிடித் தெரியும், சொல்லு பாப்பம்?” என்று அன்ரி என்னைக் கேட்டார்.

“கேக் எண்டு ஆர் முதல்ல சொன்னது? அவரோ, நீங்களோ?”

அன்ரி யோசித்தார். “நான்தான். ஆனா நான் சொல்ல முதலே அவர் தலையாட்டினவர்.”

இதற்கு மேல் வாயால் பேசிப் பிரயோசனம் இல்லை என்று விளங்கியது. பங்குச் சுவாமி பூசையில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சனம் பயபக்தியோடு கேட்டுவிட்டு, பூசை முடிய நேரே தகரக் கொட்டிலுக்குப் போனது.

அடுத்த நாள் மன்னார் பசாருக்குப் போய் றம்ஸீன் நானாவைப் பிடித்தேன். சமாதானக் காலத்தில் இந்தப் பக்கக் கலியாணங்கள் பாதிக்கு வீடியோ எடுத்தவர் அவர்தான். இப்போது போனுக்கு ஸ்ரிக்கர் ஒட்டுகிறார். சொந்தக்காரர் வந்து எடுக்காத கசற்றுகள் ஒரு சாக்கு நிறைய அவரிடம் கிடந்தன.

“எனக்கு ஓலைத்தொடுவாய்க் கலியாணம் ஏதும் ஒண்டு வேணும் நானா.”

அவர் சாக்கைக் கிண்டி ஒன்றை எடுத்தார். பெயரை வாசித்தார். விழுந்து விழுந்து சிரித்தார்.

“இந்த மாப்பிள்ள கலியாணத்தண்டே போத்திலும் கையுமா சண்டை புடிச்சு என்ட கமராவத் தள்ளி உட்டவர், மகள். பொறகு வெக்கத்தில இந்தப் பக்கமே வரல்ல.”

பெயரைப் பார்த்தேன். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து ஐந்து ஆணியையும் கழற்றிக் கசற்றைத் திறந்தேன். ஸ்பிரிட்டும் பஞ்சும் எடுத்து நாடாவைத் துடைத்தேன். படம் நன்றாக ஓடியது. ஒரு கொப்பியும் எடுத்து வைத்தேன். பிறகு கண்ணாடியின் உள்பக்கத்தில் அக்காவின் குழந்தைக்குப் போடுகிற பவுடரைக் கொஞ்சம் தடவினேன். பெயர் எழுதியிருந்த துண்டைக் கிழித்தேன். திரும்பவும் பூட்டினேன்.

சனிக்கிழமை என் டெக்கை ஒரு பையில் தூக்கிக்கொண்டு நானும் வரிசையில் நின்றேன். கொட்டிலின் ஓரத்தில் எரிப்பதற்கான கசற் குவியல். மேரிசெல்வி அன்ரியின் கசற் மேலேயே கிடந்தது. அன்ரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிடு தூரத்தில் பெற்றிசியா அன்ரி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பியபடி. மாஸ்ரருடைய மனைவி ஜெனிற்றா அக்கா ஒரு மூலையில் குந்தியிருந்து தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

மாஸ்ரர் என் கசற்றை விளக்குக்கு நேரே பிடித்தார். திடுக்கிட்டவர் மாதிரிப் பின்னால் சாய்ந்தார்.

“இப்பிடி ஒரு வெள்ளையை நான் இண்டுவரைக்கும் காணேல்லை! ஆற்ற கலியாணம் பிள்ளை?”

“மாமா ஒராள்ற. இப்ப எங்கயெண்டே தெரியாது.”

“மாப்பிள்ளையிலதான் பிழை.”

“ஓம் மாஸ்ரர். மாமா சரியான பொய்காரன் எண்டு வீட்டில சொல்லுறவை.”

“அதுதான் எனக்கு முதல்ல தெரிஞ்சது. சனத்தை ஏமாத்திச் சீவிக்கிற சாதகம். இவன் கால் வைக்கிற குடும்பம் ஒண்டும் ஒற்றுமையா இராது.”

“உயிரோட இருக்கிறாரோ மாஸ்ரர்?” என்று கேட்டுவிட்டு முகத்தைக் கீழே போட்டேன். லேன்சியால் கண்ணையும் துடைத்தேன்.

என் கண்ணீர் அவருக்குப் போதுமாக இருந்தது. “இல்லை. போயிட்டான். தண்ணிக் கண்டம்.”

“இயேசுவே!” என்றது சனம்.

“அவற்ற மனுசி?”

“அந்தப் பிள்ளை பாவம். வேற கலியாணம் செய்து தூர தேசம் போயிட்டுது.”

தேசிக்காய் வெட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

“எரிக்க முதல் மாமாட முகத்தை ஒருக்காப் பாக்கட்டோ மாஸ்ரர்? உங்கட டெக்கில போடுங்கோ.”

“ஐயையோ! இதைப் போட்டா என்ர டெக் அந்த இடத்திலயே செத்திடும்.”

“அப்ப என்ர டெக் சாகட்டும். கொண்டந்திருக்கிறன்.”

முசலி ஓட்டோக்கார இராமலிங்கம் அண்ணன் கும்பலுக்குள் இருந்து குரல் கொடுத்தார். “பாவங்க மாஸ்டர், செத்தவரு மொகத்த ஒரு தடவ பாத்துக்கட்டும். புள்ள அழுவுதில்ல?”

சனமும் சேர்ந்துகொண்டது. மாஸ்ரர் வழிவிட்டு ஒதுங்கினார். கொட்டிலுக்குள் இருந்த அவருடைய பழைய ரீவியில் மஞ்சள் வயரையும் வெள்ளை வயரையும் செருகினேன். சிவப்புக்கு அதில் ஓட்டை இல்லை. எதிரிக்கு இடமில்லாத ரீவி போல.

படம் வந்தது. கோயில் வாசல். பான்ட் வாத்தியம். நாவல்நிறக் கோட்டுப் போட்டு, நெஞ்சில் ரோசாப்பூக் குத்தி, மெல்லிய மீசையோடு தண்ணிக் கண்டத்தில் போன மாமா காரிலிருந்து இறங்கினார். தலை நிறைய மயிர்.

முன்வரிசையில் நின்ற ஒரு கிழவர் ரீவியைப் பார்த்தார். மாஸ்ரரைப் பார்த்தார். திரும்பவும் ரீவியைப் பார்த்தார்.

கத்தி கீழே விழுந்தது.

“ஐயோ, இது என்ர சீலை!” ஜெனிற்றா அக்கா எழும்பி ஓடி வந்தார். “இது நான்! இது எங்கட கலியாணம்! அங்க பார், எங்கட அம்மா!” ரீவிக் கண்ணாடியைக் கையால் தடவினார். பிறகு மெல்லத் திரும்பினார். “ஏனப்பா, கசற்றைப் போட்டில வச்சு நனைஞ்சு போச்சுதெண்டுதானே சொன்னனீங்கள்? இருபது வருசமாக் கேட்டனானே!”

“ஜெனிற்றா, இஞ்ச பார்…”

“அது கிடக்கட்டும். நான் எப்பப்பா வேற கலியாணம் செய்தனான்? அந்தத் தூர தேசம் எங்கயிருக்கு? இந்தத் தேசிக்காய்க் கடகத்துக்குப் பின்னாலயோ?”

சனம் சிரித்த சிரிப்பில் காகம் எழும்பியது.

மாஸ்ரர் கையைத் தூக்கினார். “செய்வினைதான் என்ர கண்ணை மறைச்சுப் போட்டுது! அவ்வளவு பவர்!” நம்பினால் நம்புங்கள், அதற்கும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

கசற்றை வெளியே எடுத்து அந்த இடத்திலேயே திறந்தேன். கண்ணாடியை விரலால் துடைத்து, தலையாட்டிய இரண்டு பேருடைய மூக்குக்கும் நேரே நீட்டினேன்.

“மணந்து பாருங்கோ.”

“பிள்ளைப் பவுடர்” என்றார் ஒருவர்.

“எங்கட வீட்டுப் பிள்ளைக்கு எட்டு மாசம். அது ஆருக்கு அண்ணை செய்வினை செய்தது?”

அதற்குள் இராமலிங்கம் அண்ணன் தங்க டெக்கைத் தூக்கிப் பார்த்திருந்தார். ஒரு கையால். “என்னம்மா இது, வெத்து பிஸ்கட் டின்னு கணக்கா இருக்கு?” என்று தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளிருந்து விழுந்தவை ஒரு பல்ப், ஒரு பற்றரி, ஒரு கரப்பான் பூச்சி. அந்த மூன்றில் உயிரோடு இருந்தது கடைசியாக விழுந்தது மட்டும்தான்.

பிறகு நடந்ததை எழுத வேண்டுமா? எல்லோரும் குவியலில் பாய்ந்து தங்கள் தங்கள் கசற்றைத் தேடினார்கள். ஏற்கெனவே எரித்துவிட்டுப் போனவர்கள் மணலில் கருகிக் கிடந்த பிளாஸ்ரிக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க என்னாலும் முடியவில்லை.

மேரிசெல்வி அன்ரியின் கசற்றில் இருந்தது உண்மையான பூசணம்தான். துடைத்துத் துடைத்துப் பஞ்சு முடிந்தது. ஞாயிறு பின்னேரம் எங்கள் ஹோலில் அதை ஓடவிட்டேன். அன்ரி ஒரு கதிரையில். பெற்றிசியா அன்ரி வாசற்படியோடு நின்றார், உள்ளே வரவில்லை. படம் இரண்டு தடவை குலுங்கியது. பிறகு வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர் கமராவுக்குக் குறுக்கே வந்து, எங்கேயோ பார்த்துக் கத்தினார்:

“மேரி சாப்பிட்டிட்டாள், இவள் சின்னவள் எங்க? பல்லு நோகுதெண்டவள், அவளுக்கு ஆராவது கஞ்சி குடுத்தனீங்களோ?”

பெற்றிசியா அன்ரி உள்ளே வந்தார். மேரிசெல்வி அன்ரி கதிரையில் ஒரு பக்கமாகத் தள்ளி இருந்தார். ஒரே கதிரையில் இரண்டு பேரும் இருந்து, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துப் படலையில் ஆள். முதல் நாள் கொட்டிலில் நின்ற ஒரு அம்மா. ஒரு கையில் கசற், மறு கையில் தேசிக்காய்ப் பை.

“பிள்ளை, மாஸ்ரரை விட உனக்குத்தான் பவர் எண்டு ஊரெல்லாம் கதைக்கினம். இதுக்குள்ள ஆர் செய்தது எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு ராசாத்தி.”

நான் டெக்கை நிற்பாட்டினேன். பெற்றிசியா அன்ரிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

“தேசிக்காயை இஞ்ச தாங்கோ, கரைச்சுக் குடிப்பம். கசற்றை அவளிட்டக் குடுங்கோ, துடைச்சுத் தருவாள். யோசிக்கிற வேலையை மட்டும் இனி ஒருத்தரிட்டையும் குடுக்காதேங்கோ.”