மூன்றாம் ஓலையில் எழுந்து நின்ற மாப்பிள்ளை

என் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த முதல் ஆள் நான்தான். இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு இருந்ததோ வெட்கமில்லை, பயம்.

எழுபதுகளின் தொடக்கம். ராயபுரத்தில் வீடு, துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை. எங்கள் தெரு பிலோமினாவைப் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். பெண், பிள்ளை பெயர்களைச் சொல்லி, "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்று முடிப்பார்கள். மற்றவர்கள் கொட்டாவி விடும் நேரம் அது. நான் மட்டும் கொட்டாவி விடவில்லை. எனக்குத்தான் தடை தெரியுமே!

நான் மற்றவர்கள் மாதிரி இல்லை என்பது சின்ன வயதிலேயே தெரியும். ஏன் என்றுதான் தெரியாது. கப்பல் சங்கு ஊதினால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். யாராவது திடீரென்று தொட்டால் உடம்பு பதறும். வெளியே தெரிந்தால் பைத்தியம் என்று கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் அடைத்துவிடுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் மறைத்தே வளர்ந்தேன். மறைத்துக் கல்யாணம் பண்ணினால் பாவம். சொன்னால் பிலோமினா கிடைக்க மாட்டாள்.

முதல் ஞாயிறு, எல்லாம் தெரிந்த அம்மா எழுந்து சொல்வாள் என்று காத்திருந்தேன். (அவள் பாட்டுக்கு ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள்.) இரண்டாம் ஞாயிறும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு, நானே எழுந்தேன். கையில் காகிதம். மொத்தம் பதினொரு தடை.

"சாமி, மாப்பிள்ளைகிட்ட தடை இருக்கு."

சாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "நீதானேப்பா மாப்பிள்ளை?"

"ஆமா சாமி. அதனாலதான் நிச்சயமாத் தெரியும்."

படித்தேன். நான்காவது தடையில், அதாவது சட்னி பட்ட இட்லியைத் தொடமாட்டேன் என்றபோது, கோயிலே சிரித்தது. சாமியார் கையைக் காட்டி அத்தோடு நிறுத்தினார்.

"ரத்த உறவு, ஏற்கெனவே கல்யாணம், இந்த மாதிரிதான்ப்பா தடை. உட்காரு."

"அதை ஓலையில சொல்லலியே சாமி." (வாயை மூடத் தெரியாதது ஒன்பதாவது தடை.)

பூசை முடிந்து வெளியே வந்ததும், போட் மெக்கானிக்கான பிலோமினாவின் அப்பா என் காலரைப் பிடித்தார்.

"பைத்தியத்துக்கா பொண்ணு குடுக்க சொல்றீங்கோ? கல்யாணமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல!"

எந்தச் சொல்லுக்குப் பயந்து இத்தனை வருஷம் ஒளிந்தேனோ, அதை ஊர் நடுவில் கேட்டாயிற்று. காலர் அவர் கையில் இருக்க, அப்படியே படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பிலோமினா வந்தாள். "கத்தாத நைனா. நீ குடிப்பேன்னு அம்மாவுக்கு எப்ப தெரிஞ்சிது? தாலி ஏறுனதுக்கு அப்பால தானே?"

அப்பாவின் கை தானாக என் காலரை விட்டது. அவள் என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

"இன்னும் எதுனா பாக்கி கீதா?"

"ஏழு கீது. மூஞ்சியப் பாத்துப் பேச வராது."

"அப்போ காதப் பாத்துப் பேசு. நல்ல கம்மலா போட்டுக்கினு வரேன்."

அந்த மாதமே கல்யாணம் நடந்தது.

எழுபது வயது தாண்டியபின், மகள் அழைத்துப்போன மருத்துவர்தான் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். நான் அழுதேன். நான் பைத்தியமில்லை என்று ஒருவர் சொல்ல அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. மருத்துவர் பிலோமினாவிடம் மெதுவாக, "இவ்வளவு காலம் உங்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கு, இல்லையாம்மா?" என்றார்.

வீட்டில் இன்றும் எல்லோரும் நடித்துக் காட்டுவது அவள் பதிலைத்தான்:

"இன்னா டாக்டர் இப்டி கேக்குறீங்கோ? எனுக்கு மட்டுமா? அன்னிக்கு பூசைக்கு வந்த அத்தினி பேருக்கும் தெரியும்!"