ஊசிக்கு ஒரு சந்தனப் பொட்டு

வீட்டில் நல்ல சத்தம் வேண்டும் என்று ஒருவர் கிளம்பிவிட்டால், மற்றவர்கள் சத்தமில்லாமல் வாழப் பழகிக்கொள்ள வேண்டும். எங்கள் திருப்பதி வீட்டில் அந்த ஒருவர் நான்தான்.

ஆசை ஆசையாக ஒரு டர்ன்டேபிள் வாங்கினேன். இசைத்தட்டு தேய்ந்துவிடுமே என்ற பாசத்தில், ஊசி பட்டும் படாமலும் இருக்கும்படி அதன் எடையைக் குறைத்து வைத்தேன். கூட வந்த புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தது. (அதை எழுதியவருக்கு ஈரநெஞ்சு இல்லை என்று முடிவு கட்டினேன்.) யாராவது நடந்தால் ஊசி குதித்தது, நடக்காவிட்டால் பாட்டு கரகரத்தது. குற்றம் என் பாசத்தில் இருக்கும் என்று தோன்றவே இல்லை. அடியில் கடப்பைக் கல் போட்டேன், கல்லுக்கு அடியில் டென்னிஸ் பந்துகளை வைத்தேன், பாட்டு ஓடும்போது மிக்சியையும் மனிதர்களையும் தடை செய்தேன். என் கணவர் தண்ணீர் குடிக்கக்கூடத் திருடனைப் போல் போய்வந்தார்.

இத்தனையும் நைனாவுக்காக. என் அப்பா சித்தூரில் கல்யாணங்களுக்கு மைக் செட் போடுகிறவர். குழாய் ஸ்பீக்கர் நாலு தெருவுக்குக் கேட்டால்தான் அவருக்கு அது சத்தம். நான் செய்த எதையும் அவர் பாராட்டியதே இல்லை. பள்ளியில் முதலிடம் வாங்கி ஓடிவந்தபோதுகூட, "சரி, போய் சோறு துன்னு" என்றார். அந்த வாயால் ஒரே ஒரு தடவை "நல்லா கீது" என்று கேட்டுவிட வேண்டும். எனக்கு அது போதும்.

ஆயுத பூஜையன்று வரச் சொன்னேன். தன் பழைய நாதஸ்வர இசைத்தட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். டர்ன்டேபிளை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தார்.

"இன்னாம்மா, இதுக்குக் குழாயே இல்ல?"

"குழா இல்லாமயே கேக்கும் நைனா. நீ குந்து."

ஊசியின் நுணுக்கம் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அதன்மேல் ஒரு தூசு விழுந்தாலும் எல்லாம் கெட்டுவிடும் என்று முடித்து, மூடியைத் திறந்தேன். ஊசி மாட்டியிருந்த தலையின் மேல் பட்டாணி அளவுக்குச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

என் மாமியார் நகரியில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவர். ஓடுகிற எதுவும் அன்றைக்குப் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. மிக்சி, பிரிட்ஜ், ஸ்கூட்டர் என்று காலையிலிருந்து வைத்துக்கொண்டே வந்தவர் இதை மட்டும் விடுவாரா? சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

"அத்தே! இன்னா காரியம் பண்ணிட்டீங்க!" என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். (நைனாவின் குழாய் தோற்றது.)

"மெஷினுதானே கண்ணு? அத்த மட்டும் எப்பிடி மூளியா உடறது?" என்றார் அத்தை.

நான் அழாத குறை. நைனாவுக்கோ பொறுமை கிடையாது. கல்யாண வீட்டுப் பழக்கத்தில், தட்டைப் போட்டு, சந்தனத்தோடு ஊசியை இறக்கிவிட்டார்.

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். நாதஸ்வரம் எழுந்தது. கரகரப்பு இல்லை. வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அத்தை பதறிப்போய்க் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், ஊசி அசையவில்லை. மாதக்கணக்கில் நான் பயந்து பயந்து குறைத்து வைத்திருந்த எடையை, மாமியார் ஒரே பொட்டில் சரிசெய்துவிட்டார்.

தட்டு முடியும்வரை நைனா ஆடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"நல்லா கீது." தமிழில் சொன்னது போதாதென்று தெலுங்கிலும், "சாலா பாகுந்தி" என்றார்.

ஜெயித்துவிட்டேன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நைனா..." என்று நான் ஆரம்பிப்பதற்குள், அவர் அத்தையின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார்.

"உங்க கைராசி, சம்பந்தியம்மா!"

மறுநாளே சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, புத்தகத்தில் இருந்த எடையை வைத்தேன். அதே அருமையான சத்தம். ஆனால் நைனா வரும்போதெல்லாம் குனிந்து பார்த்துவிட்டு, "பொட்டு இல்ல பாரு, அதான் சத்தம் கொஞ்சம் கம்மி" என்கிறார். இப்போது சித்தூர்ப் பக்கம் எந்தக் கல்யாணத்தில் அவருடைய மைக் கரகரத்தாலும், ஒயரைப் பார்ப்பதற்கு முன்னால் என் மாமியாருக்குத்தான் போன் வருகிறது.

அத்தையும் கொஞ்சமும் கூச்சமில்லாமல், "சந்தனத்த இன்னும் கெட்டியா அரைங்க" என்கிறார்.